வண்ணமா, கறுப்பு வெள்ளையா

அன்பு மகள் லிபிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கோழிகளும் நலம், அங்கே பெர்த்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன முறை வீடியோவில் பேசியபோது, அப்பா என் முகத்தையே பாக்கல, ஜன்னலையே பாத்துட்டிருக்கார், நான் இவ்வளவு தூரம் வந்த கோவம் இன்னும் தீரலையான்னு அழுதாய். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் கேமரா கதை வந்துவிட்டது.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருவது உனக்குத் தெரியும். வசந்தத்தில் தொலைநோக்கியில் தனக்குப் பிடித்த சுழல் கேலக்ஸியை, இரண்டு சுருள் கைகளும் ஒரு கை நுனியில் தொங்கும் குட்டிக் கேலக்ஸியுமாக இருக்குமே, அதைத் தேடினார், கிடைக்கவில்லை. இந்தக் கோடைக்குள்ள அது தெரியலேன்னா தொலைநோக்கிய வித்துடறேன் என்றார். சாப்பாட்டில் உப்பு குறைவு என்பதுபோலச் சொன்னார். மங்கல் வெளிச்சத்தைச் சில நொடி சேர்த்துவைத்து டிவியில் காட்டும் வீடியோ கேமரா ஒன்று மாட்டலாம் என்று வானியல் கழகத் தலைவர் ஹார்லன் வந்து சொன்னார். வண்ணக் கேமராதான் வாங்கணும் என்று அவர் நம் சமையலறையில் உட்கார்ந்து, நான் சுட்ட கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டிகளைத் தட்டோடு தீர்த்தபடி வாதாடினார். எனக்கும் வண்ணத்தில்தான் ஆசை. அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, இருட்டுக்குப் பழகின கண்ணு கூசக்கூடாதுன்னு கழக மைதானத்துல எல்லா டிவிக்கும் சிவப்புத் தாள் ஒட்டணும்னு சட்டம் போட்டது யாருப்பா, அதுக்குப் பின்னால எந்த வண்ணம் தெரியப்போகுது, கறுப்பு வெள்ளைதான் மங்கலா இருக்கறத நல்லா புடிக்கும் என்றார். சட்டம் போட்டவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

கறுப்பு வெள்ளைக் கேமரா வந்தது, கூடவே மேகமும் வந்தது. புதுக் கருவி வாங்கினால் வானம் மூடிக்கொள்ளும் என்பது இவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழையோ மழை. பக்கத்துப் பண்ணை ரூடி வேலியோரம் நின்று அப்பாவிடம், எமில், அடுத்த கேமரா எப்ப வாங்கறீங்க, சோளம் நட்டதும் சொல்றேன், அப்ப வாங்குங்க என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன சனிக்கிழமை வானம் திறந்தது. மைதானத்தில் டிவியில் புள்ளி புள்ளியாக ஏதோ வந்தது, பிறகு சுழல் வந்தது. எனக்கே இரண்டு கைகளும் தெரிந்தன. அப்பா திரையைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த வேலிக்கம்பத்தைப் பார்த்தார். போயிற்று, விற்றுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கம்பத்தைப் பார்த்தபடியே, ரெண்டு கையும் தெரியுது, கீழ்க்கையில அந்தக் குட்டியும் தொங்குது என்றார். மங்கலான எதையும் ஓரக்கண்ணால் பார்ப்பது வானம் பார்க்கும் இவர்களின் பழைய பழக்கம், நடுப்பார்வை மங்கியதால் இப்போது அவருக்கு எல்லாமே அப்படித்தான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பிறகு என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஈஸ்டருக்கு நீ முடி வெட்டினப்பவே சொல்லணும்னு நெனச்சேன், நல்லால்ல என்றார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

தொலைநோக்கியை விற்கவில்லை. அங்கே இப்போது குளிர்காலம், காதை மூடிக்கொள், ராத்திரியில் தனியாகக் காரோட்டாதே, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு. அப்பா ஜன்னலைப் பார்த்தால் அழாதே, உன்னைத்தான் பார்க்கிறார். நீ இளைத்துவிட்டாயாம்.

அன்புடன்,
அம்மா வ்லாஸ்டா