சிரிக்க வேண்டிய படம்

அன்புள்ள அம்மா,

நீ எல்லை தாண்டிப் போனதிலிருந்து, வியன்னாவுக்கு எழுதக் கூடாதென்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

அவர் வரைந்த கார்ட்டூன் படம் முடிந்துவிட்டது. குஞ்சுகளைக் கூட்டில் விட்டுவிட்டு முள்வேலி தாண்டிப் பறந்துபோகும் நாரையின் கதை. தணிக்கைக்காரர் வாவ்ரா வீட்டுக்கே வந்தார்.

"கார்ட்டூன்னா பிள்ளைங்க சிரிக்கணும், தோழர். இது பெரியவங்க படமால்ல இருக்கு?"

"நாரைக்குப் பல்லே இல்லையே, எங்க சிரிக்கிறது?" என்றார் அப்பா. வாவ்ரா சிரிக்கவில்லை.

நாளை எங்கள் வகுப்புக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். ஒரு பிள்ளை அழுதாலும் படத்தை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்துவிடுவார்களாம்; அப்பாவுக்கு வேலையும் போய்விடும். நாரை வேலிமேல் நின்று திரும்பிப் பார்க்கும் இடத்தை அப்பாவின் மேசையில் பார்த்தே அழுதிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

அந்த இடத்தில் நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். உன்னை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, அம்மா.

கூட்டிலிருந்து,
உன் மகள்