பெயிண்டரின் வலது தோள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும், அதனால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். உன் தம்பி பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது, எதைக் கண்டாலும் கடிக்கிறான், போன வாரம் உன் அத்தையின் விரலையே பதம் பார்த்துவிட்டான். அத்தை வழக்கம்போல உன் கல்யாணப் பேச்சை எடுத்தாள், நான் வழக்கம்போலக் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அதெல்லாம் இருக்கட்டும். நீ அப்பாவுக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பெரிய ஆய்வு ஒன்று தொடங்கப் போகிறாய், இந்த முறை காது மூக்கு தொண்டை, வயிறு, கண், இருதயம் என்று பல பிரிவுகளில் செய்கிற சிகிச்சைகளையும் சோதித்துப் பார்க்கப் போகிறீர்கள், இங்கே ஆஸ்பத்திரியில் அதற்கு அப்பாதான் தலைமை தாங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கடைசியில், உங்களை நினைச்சா பெருமையா இருக்குப்பா என்று ஒரு வரி வேறு. அவர் படித்தார், மடித்தார், மேஜை விரிப்புக்குக் கீழே வைத்தார், அது அங்கேயே கிடக்கிறது. பதில் நான் எழுதுகிறேன். அவர் உன்னிடம் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் சொல்லப் போகிறேன், உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நீ லீவுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டாயே, அப்பா, இத்தனை வருஷமா தோள்பட்டை எலும்பைச் சுரண்டி விடறீங்களே, அதனாலதான் வலி போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. வேறு யாராவது கேட்டிருந்தால் தட்டோடு எழுந்து போயிருப்பார். நீ கேட்டதால் சிரித்தார். மறுநாள் சவரம் செய்துகொண்டே என்னிடம், கேள்வி நல்ல கேள்விதான், பதில் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல என்றார். அவர் பெயர் வெளியே தெரிந்ததே அந்த ஆபரேஷனால்தான், அதையே உன் சோதனைக்கு விட ஒத்துக்கொண்டார் என்றால் அது உன் மேல் இருந்த பாசம், வேறு ஒன்றும் இல்லை. பாதிப் பேருக்கு நிஜ ஆபரேஷன், பாதிப் பேருக்குத் தோளில் இரண்டு ஓட்டை போட்டுத் தையல் மட்டும். யாருக்கு எது என்பது மயக்கம் கொடுத்த பிறகு உறையைப் பிரித்துப் பார்த்தால்தான் அப்பாவுக்கே தெரியும். நோயாளிக்கும் தெரியாது, பிற்பாடு கையைத் தூக்கச் சொல்லி அளந்து பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. எல்லோரிடமும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நியாயத்தை நியாயமாகவே எழுதிவிடுகிறேன்.

அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் பெயிண்டர். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது, சட்டை மாட்டிவிடக்கூட மனைவி வர வேண்டும் என்ற நிலைமையில் வந்தார். ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் ஏணி மேல் ஏறிவிட்டார். நம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்ததும் அவர்தான், நான்தான் அடித்தே தீருவேன் என்று பிடிவாதமாக வந்தார். கூடத்துச் சீலிங்கில் கையை முழுக்க நீட்டி பிரஷை இழுப்பார், இழுத்துக்கொண்டே, பாத்தீங்களாம்மா, ஐயா கையி தங்கக் கையி என்பார். டீ கொடுக்கும்போது ஒரு தடவை, டப்பாவை மூடும்போது ஒரு தடவை, இதே பாட்டுத்தான். அவர் அப்படிச் சொன்ன உடனே உன் அப்பா ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வெறுங்கையோடு திரும்பி வருவார். புகழ்ந்தால் கூச்சப்படுகிற மனுஷர்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன். பெயிண்டருக்குப் போட்டது இரண்டு ஓட்டை மட்டும்தான் என்பது உன் அப்பாவுக்கு அப்போதே தெரியும், சொல்லக் கூடாது என்பதும் தெரியும். அந்த நாட்களில் அவர் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அளவுக் கணக்கெல்லாம் எப்போ வரும்பா என்றுதான் போனில் கேட்பாய்.

முடிவு வந்தது. நிஜமாகச் சுரண்டியவர்களுக்கும் சும்மா தைத்துவிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அப்பாவே எழுந்து நின்று சொன்னார், நான் செஞ்சதால யாருக்கும் தனியா ஒரு நன்மையும் கிடைக்கல, இனிமே இதைச் செய்ய மாட்டேன் என்று. யாராவது கை குலுக்குவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. காது மூக்கு தொண்டை டாக்டர், இத்தனை வருஷமாக ஒரே காரில் கூட வந்தவர், மறுநாளிலிருந்து வேறு வழியாகப் போக ஆரம்பித்தார். வயிற்று ஆபரேஷன் செய்பவர் கேன்டீனில் எல்லோர் காதிலும் விழும்படி, உஷாரா இருங்கப்பா, அடுத்தது நம்ம வயித்துல அடிக்கப் போறாரு என்றாராம், ஒரே சிரிப்பாம். இதையெல்லாம் தாங்கிக்கொண்டார். சின்ன டாக்டர் பேசியதைத்தான் தாங்கவில்லை. கத்தி பிடிக்கவே அப்பாதானே அவனுக்குக் கற்றுக்கொடுத்தார், நம் வீட்டு மேஜையில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறான். அவன் அதே கூட்டத்தில் எழுந்து, குரலில் அத்தனை மரியாதையோடு, ஐயா மேல எனக்கு ரொம்ப மதிப்பு உண்டு, ஆனா ஐயாவுக்கு வயசாச்சு, கை முன்ன மாதிரி இல்ல, சரியா செஞ்சிருந்தா ரிசல்ட்டும் சரியா வந்திருக்கும் என்றான். நிர்வாகத்துக்கு வேண்டியதும் அதுதான். அப்பாவின் தியேட்டர் நாட்கள் அவனுக்குப் போயின, அப்பாவை மாவுக்கட்டு போடுகிற இடத்துக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வாரம்தான் நீ எங்கேயோ பெரிய மேடையில் நின்று இதே முடிவைப் பேசிய போட்டோவை அனுப்பியிருந்தாய். அழகாகத்தான் இருந்தாய்.

அதோடு முடிந்திருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்போம். யாருக்கு எது செய்தோம் என்பதை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நீ எழுதினாய், உன் அப்பாவும் அதுதான் சரி என்றார். ஒரு சின்ன அறை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி, ஒவ்வொருவராக வரச் சொல்லி அவரே சொன்னார். விடுதியில் சமைக்கிற ஒரு அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாளாம், அப்போ என் தோள் தானா சரியாச்சா, நான் கெட்டிக்காரிதான் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். பெயிண்டர் சிரிக்கவில்லை. சட்டைக் காலரை விலக்கித் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். அப்ப இது சும்மாவா ஐயா என்று கேட்டார். கையெழுத்துப் போடும்போதே சொன்னோமே என்று அப்பா சொன்னதற்கு, சொன்னீங்க, நம்மளுக்கு அப்படி இருக்காதுன்னு நினைச்சேன் என்றார். அந்த வாரமே அவர் கை விழுந்துவிட்டது. ஏணியில் நின்றவருக்குப் பிரஷைத் தூக்க முடியவில்லை, கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டார் என்று அவர் மனைவி வந்து அழுதாள். நடிக்கிறார் என்று நினைக்காதே, நான் போய்ப் பார்த்தேன், தம்ளரைக்கூட இடது கையால்தான் எடுத்தார்.

பிறகு ஒருநாள் நம் வீட்டுக்கே வந்தார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். நிஜ ஆபரேஷனைச் செஞ்சு விடுங்க ஐயா என்றார். அதனால் ஒரு பயனும் இல்லை, உங்கள் தோள் நன்றாகத்தான் இருந்தது, பயிற்சி செய்தால் மறுபடி வரும் என்று அப்பா பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெயிண்டரின் குரல் ஏறிவிட்டது. பாதிப் பேருக்குச் செஞ்சீங்க, எனக்கு மட்டும் ஏன் செய்யல, நான் என்ன பாவம் செஞ்சேன் என்று கேட்டார். போகும்போது திரும்பி நின்று, இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே ஐயா, நான் நல்லாத்தானே இருந்தேன் என்றார். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாப்பா, உன் படிப்பில் இதற்குப் பதில் இருந்தால் எனக்கு எழுது, எனக்குத் தெரியவில்லை, உன் அப்பாவுக்கும் தெரியவில்லை.

அப்பா மறுத்ததும் பெயிண்டர் நேரே சின்ன டாக்டரிடம் போனார். அவன் செய்தான். அப்பா இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொன்ன அதே ஆபரேஷனை, அதே தியேட்டரில். பெயிண்டர் குணமாகிவிட்டார். ஆமாம், குணமாகிவிட்டார், இப்போது பழையபடி ஏணி ஏறுகிறார். அவர் கையைத் தூக்கி நிற்கிற போட்டோவைப் பெரிதாக்கி ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள், கூட சின்ன டாக்டர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். உன் அப்பா இப்போது மாடிப்படியில்தான் ஏறுகிறார், முழங்கால் வலியோடு. முன்பு பெயிண்டருக்குச் செய்தது ஒன்றுமில்லை, இப்போது செய்ததும் ஒன்றுமில்லைக்குச் சமம்தான், ரெண்டு தடவையும் அவர் நம்பினதுதான் அவரைத் தூக்கி விட்டது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் இதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லை.

போன வியாழக்கிழமை மார்க்கெட்டில் பெயிண்டரைப் பார்த்தேன். கடைக்காரருக்கு எட்டாத ஒரு கூடையை வலது கையாலேயே இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, இப்பதாம்மா நிஜமாவே செஞ்சிருக்காங்க, பாருங்க என்று கையை இரண்டு மூன்று தடவை தூக்கிக் காட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஐயாவுக்கு எம்மேல வருத்தமாம்மா, அன்னைக்குக் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன், பாவம், வயசாச்சில்ல, அவர் கையி முன்ன மாதிரி இல்லன்னு சின்ன டாக்டர் சொன்னாரு என்றார். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வந்தது எனக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியே காலம் தள்ளியவள் நான், நாலு வார்த்தையில் அந்த ஆளை உட்கார வைத்திருப்பேன். அவருடைய கையைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். நல்லா இருங்க என்று சொல்லிவிட்டு, வாங்க வேண்டியதைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கையை முழுசா தூக்கினாரா என்றார். முழுசா என்றேன். நீ ஒண்ணும் சொல்லிடலையே என்றார். இல்லை என்றேன். அப்பாடா, நல்லவேளை என்றார். வாழ்க்கையில் ஒரு பொய்க்குத் துணை போகாத மனுஷர், வேலையும் பேரும் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்னவர், நான் உண்மையைச் சொல்லாமல் வந்ததற்கு நல்லவேளை என்கிறார். அப்பாவும் பெண்ணுமாகச் சேர்ந்து அவரைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிற இடம் இதுதான், பார்த்துக்கொள்.

அன்று சாயங்காலம் தானாகவே, பாப்பாவுக்குச் செய்யறேன்னு எழுது என்றார். பட்டது போதாதா என்று கேட்டேன். கேள்வி சரியான கேள்விதானே, கேக்காம எப்படி இருக்கறது, மத்த டாக்டர்களை ஒவ்வொருத்தரா போய்ப் பாக்கறேன், கதவைச் சாத்தினா சாத்தட்டும், எல்லா வேலையும் செய்யறேன், கடைசியில நோயாளிங்களை உக்கார வச்சுச் சொல்றதை மட்டும் என்னால முடியாது, அதுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லு என்றார். இதுதான் அவர் பதில். என் பதில் இது. வேறு ஆள் பார்க்காதே. அந்த ஆய்வு முடிகிறபோது மேடையை விட்டுவிட்டு நீ இங்கே வா. அப்பா உட்கார்ந்த நாற்காலியில் நீ உட்கார். எதிரே வந்து உட்காருகிறவர் முகத்தைப் பார்த்து நீயே சொல், அவர் என்ன சொன்னாலும் கடைசி வரை கேள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

கசப்பாகவே எழுதிவிட்டேன், பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா. நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்கிறது என்றாயே, திரையை விட்டு எழுந்து கொஞ்சம் நட. நீ எடுத்த காரியம் எதுவும் பாதியில் நிற்காமல், மனசும் உடம்பும் நோகாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஆய்வைப் பற்றி எடுத்த எடுப்பில் பேசாதே, அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேள்.

உன் மேல் கோபமும் அதைவிட அதிகமாக நினைப்புமாக இருக்கும்,
உன் அம்மா