கூப்பனை நாங்களே அழுத்திக்கொள்கிறோம்

அனுப்புநர்
செ. அனுசுயா (வயது 35),
க/பெ. செல்வகுமார்,
பிள்ளையார் கோயில் குறுக்குத் தெரு,
மேனாம்பேடு, அம்பத்தூர், சென்னை.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
கொற்றலை தொழிலாளர் நுகர்வோர் கூட்டுறவுப் பண்டகசாலை,
தலைமை அலுவலகம், கரையான்சாவடி, பூந்தமல்லி.

பொருள்: மேனாம்பேடு கிளையில் கைபேசிக் கூப்பன்களை வாடிக்கையாளர்களே உறுதிசெய்யும் முறையை மீண்டும் அனுமதிக்கவும், அம்முறையைச் செயல்படுத்திய விற்பனையாளர் திருமதி சபீனா மீதான குறிப்பாணையைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் குறிப்பாணை, நாள் 17.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாகனங்களுக்கான மின் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நிறுவனம் எங்களுக்கு வழங்கும் மளிகைக் கூப்பனும் சோப்புக் கூப்பனும் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி தங்கள் பண்டகசாலையின் செயலி வழியாக என் கைபேசிக்கு வருகின்றன. அவற்றைக் காட்டி மேனாம்பேடு கிளையில் அரிசி, எண்ணெய், சோப்பு முதலியவற்றைப் பெற்று வருகிறேன். பொருள்களின் தரத்திலோ எடையிலோ எனக்கு இதுவரை எந்தக் குறையும் இல்லை. அவற்றைப் பெறும் முறை பற்றித்தான் இம்மனு.

2. தற்போதைய முறை தாங்கள் அறிந்ததே. கூப்பனில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பொத்தானை அழுத்திய பின், கிளைக்கு உரிய இரகசிய எண்ணையும் போட வேண்டும். அந்த எண் கிளைப் பொறுப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் மட்டுமே தெரியும். ஆகவே, கைபேசியை அவர்களிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 5ஆம் தேதி மாலை ஷிப்ட் விட்டதும் நாற்பது, ஐம்பது பேர் ஒன்றாக வந்து நிற்போம். கிளைப் பொறுப்பாளர் திரு. ராஜசேகரன், “லாக் எடுத்துட்டு எல்லா போனையும் இதுல போடுங்கம்மா” என்று ஒரு நீல நிறத் தட்டை நீட்டுவார். பூட்டு எடுக்கப்பட்ட எங்கள் கைபேசிகள் அந்தத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

இதில் அவரைக் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. அவருக்குச் சொல்லப்பட்ட முறைப்படியே அவர் செய்து வந்தார்.

3. கடந்த ஜூலை 5, சனிக்கிழமை மாலை நடந்ததை இனித் தெரிவிக்கிறேன். இதை ஒரு மனுவில் எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். சபீனா மீதான குறிப்பாணைக்கு மூல காரணம் இதுவே என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முறை கருவுற்று, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் இழந்தேன். அன்று காலை மூன்றாம் முறையாகப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குச் சென்றிருந்தேன். முடிவை மாலைக்குள் கைபேசிக்கு அனுப்புவதாகப் பரிசோதனை நிலையத்தில் கூறினார்கள். கடையில் வரிசையில் நின்றபோது இதைச் சபீனாவிடம் காதோடு காதாகச் சொல்லி, “தட்டுல போட்ட என் போனை மட்டும் எடுத்துக் குடுக்கிறீங்களா? கடைசியா தர்றேன்” என்று கேட்டேன். அவர் உடனே தட்டில் தேடினார். ஆனால் என் கைபேசி அதற்குள் திரு. ராஜசேகரன் கைக்குப் போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. திரையின் மேல் பக்கத்தில் வந்ததை அவர் படித்துவிட்டார். கடை முழுவதும் கேட்கும்படி, “அனுசுயா! லேப்ல இருந்து பாசிட்டிவ்னு மெசேஜ் வந்துகீதும்மா. ஸ்வீட்டு எங்க?” என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அனைவரும் மனமார மகிழ்ந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நான் மட்டும் என் கைபேசிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அது என் கைக்கு வந்து சேர்வதற்குள், தம் போனை ஏற்கெனவே திரும்பப் பெற்றிருந்த என் கணவரின் நண்பர் ஒருவர் அவருக்குப் போன் செய்து, “மச்சான், நீ அப்பா ஆயிட்ட!” என்று சொல்லி முடித்திருந்தார்.

4. என் கணவர் அண்ணனூரில் ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். அரிசிப் பையோடு நான் வீடு சேர்ந்தபோது, அவர் எனக்கு முன்பே வந்து, பூவும் இனிப்பும் வாங்கி வைத்திருந்தார். நான் சிரித்தேன். ஆனால் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னா அனு, சந்தோசமா இல்லியா?” என்றார்.

“நான்தான் சொல்லணும்னு இருந்தேன்” என்றேன்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு கதவைத் தட்டினார். திறந்தேன். “இப்பத்தான் வேலைல இருந்து வந்துகினுக்கீறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஏதோ விசயம்னு மூஞ்சியப் பார்த்தா தெரியுது. சொல்லு” என்றார்.

நான் சொன்னேன். ஒன்பது ஆண்டுகளாக எப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேனோ அப்படிச் சொல்ல வரவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னேன். என் கணவர் நல்லவர் என்பதால் நானே சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆயினும், ஐயா, அது எனக்கு முதல் முறையாகவே கிடைத்திருக்க வேண்டும்.

5. மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று நாங்கள் இருவரும் முன்பே முடிவு செய்திருந்தோம். அது நடக்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலும், வேலையிடத்திலும், தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் “எப்படி கீற? எல்லாம் நல்லாதானே கீது?” என்று கேட்டார்கள். நல்ல எண்ணத்தில் கேட்டவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குப் பழைய இரண்டு முறைகளும் நினைவுக்கு வந்தன. இந்த முறையும் கைநழுவினால் இத்தனை பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பல நாள் தூக்கமில்லை. மீண்டும் அந்தத் தட்டில் கைபேசியைப் போட மனம் வராததால் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் கடைக்குப் போகவில்லை. அந்தக் கூப்பன்கள் காலாவதியாகிவிட்டன. அவற்றுக்குப் பதிலாக எதையும் நான் இப்போது கேட்கவில்லை.

6. செப்டம்பர் இறுதியில் தெருவில் என்னைப் பார்த்த சபீனா, “ஏன்க்கா ரெண்டு மாசமா வரல?” என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். “நான் அன்னிக்கு இன்னும் கொஞ்சம் வேகமா தேடியிருக்கணும்க்கா” என்று வருந்தினார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன்.

7. அக்டோபர் 4 முதல் 15 வரை திரு. ராஜசேகரன் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் சபீனா கிளையைக் கவனித்தார். தங்கள் செயலியிலேயே ‘வாடிக்கையாளர் தாமே உறுதிசெய்யலாம்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கிளையின் கணினியில் அதை இயக்கினால், இரகசிய எண் தேவையில்லை. பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு நாமே பொத்தானை அழுத்தலாம். திரை பச்சையாக மாறி, பெயரும் நேரமும் தெரியும். விற்பனையாளர் அதைப் பார்த்து அனுப்பிவிடுவார். சபீனா அதை இயக்கினார். தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

5ஆம் தேதி அவர் எனக்குப் போன் செய்து, “இன்னிக்கு வாங்கக்கா. போன் உங்க கையிலயே இருக்கும்” என்றார். போனேன். பொருளை வாங்கினேன். என் விரலால் நானே அழுத்தினேன். இது ஒரு சின்னக் காரியம்தான். ஆனாலும் அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனம் இலேசாக இருந்தது.

8. படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று தங்கள் அலுவலகம் கேட்கக்கூடும். எங்கள் நிறுவனத்தில் துப்புரவுப் பணி செய்யும் திருமதி கெங்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரும் அன்று வரிசையில் இருந்தார். படங்களைப் பார்த்து விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் திடீரென்று, “இன்னாம்மே இது, மழைக்கோட்டு படம் கீது?” என்றார். துப்புரவுப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மழைக்கோட்டுக் கூப்பன் வருவது அவருக்கு அன்றுவரை தெரியாது. கூட்ட நெரிசலில் மளிகைக் கூப்பனை மட்டும் அழுத்தித் திருப்பிக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. அன்று அவர் மழைக்கோட்டை வாங்கி, கடையிலேயே போட்டுப் பார்த்தார். “நாலு வருசமா கோணிய தலைல போட்டுகினு நனையறேன். என் போன்லயே இது இருந்துருக்குது பாரு” என்று சிரித்தார். அந்த வாரமே அது மழைக்கு உதவியது.

9. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு தவறு நடந்தது. அதை மறைப்பது முறையல்ல. ஒருவர் ஷேர் ஆட்டோவில் வரும்போது கை தவறி, 5ஆம் தேதி வாங்காமல் விட்டிருந்த சோப்புக் கூப்பனை அழுத்திவிட்டு, மறுநாள் கடைக்கு வந்து விழித்தார். அப்படிச் செய்தவள் நானே. பச்சைத் திரையில் முந்தின நாள் நேரம் இருந்ததால் சபீனா எனக்குச் சோப்புத் தரவில்லை. “தப்பா நெனைக்காதீங்கக்கா, நேரம் நேத்தையது காட்டுது” என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்தபோது, இவ்வளவு தெரிந்த எனக்கே விட்டுக்கொடுக்காதவர் வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பார் என்று தோன்றியது.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. கல்லாப் பக்கம் ஒரு கியூஆர் அட்டையை ஒட்டி, அதை ஸ்கேன் செய்தால் மட்டுமே பொத்தான் வரும்படி செய்யலாம். டீக்கடையில் நாங்கள் எல்லோரும் தினமும் செய்வதுதான்.

10. விடுப்பு முடிந்து 16ஆம் தேதி வந்த திரு. ராஜசேகரன், தலைமை அலுவலகத்தின் உத்தரவு இல்லாததால் பழைய முறைக்கு மாற்றி, அவ்விவரத்தைத் தங்களுக்கும் தெரிவித்தார். மறுநாள், அனுமதியின்றி அமைப்பை மாற்றியதற்கு வரும் 31ஆம் தேதிக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும், தவறினால் பணியிலிருந்து விடுவிக்கப்படலாம் என்றும் சபீனாவுக்குக் குறிப்பாணை வந்தது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். இந்த வேலை ஒன்றுதான் வருமானம். நான் மனு எழுதப்போவதாகச் சொன்னபோது, “வேணாம்க்கா, உங்க விசயம் வெளிய வரும்” என்றார். என் விஷயத்தை இம்முறை நானே விரும்பி எழுதுகிறேன் என்று அவருக்குச் சொன்னேன்.

11. கையொப்பம் வாங்கக் கடந்த 22ஆம் தேதி கடை வாசலில் நின்றபோது, திரு. ராஜசேகரன் என்னை உள்ளே அழைத்து, என்ன விஷயம் என்று கேட்டார். ஜூலை மாதம் நடந்ததால் நான் பட்டதை அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. முழுவதும் சொன்னேன்.

“நல்ல சேதின்னுதாம்மா வாய் விட்டுட்டேன். அது உன்னுதுன்னு எனக்குத் தோணல பாரு” என்றார். பிறகு, “அஞ்சாம் தேதின்னா எனக்கும் பயந்தாம்மா. நாப்பது போனு. ஒண்ணு கீழ வுழுந்து கண்ணாடி போச்சுன்னா நான்தான் பொறுப்பு. யாரு வூட்டு சேதியோ என் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. எனக்கெதுக்கு இதெல்லாம்?” என்றார். என் கையிலிருந்த தாளை வாங்கி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “இன்னா எழுதிக்கீறேன்னு ஒரு வாட்டி படிச்சுக் காட்டு” என்றார். படித்தேன். கையொப்பம் இட்டார்.

12. ஆகவே, ஐயா, கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

அ) நவம்பர் 5ஆம் தேதிக் கூப்பன் வருவதற்கு முன்பாகவே, வாடிக்கையாளர் தாமே உறுதிசெய்யும் முறையை மேனாம்பேடு கிளையில் முறைப்படி அனுமதிக்க வேண்டும். சரியாக வந்தால் அண்ணனூர், ஆவடி கிளைகளுக்கும் நீட்டிக்கலாம்.

ஆ) உதவி வேண்டுவோருக்கு விற்பனையாளர் உதவட்டும். அப்போதும் கைபேசி அவரவர் கையிலேயே இருக்க வேண்டும்.

இ) திருமதி சபீனா அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அவர் தமக்காக எதையும் செய்யவில்லை என்பதைக் கருதி, குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும்.

தாங்கள் விரும்பினால் 5ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு எங்கள் கிளைக்கு நேரில் வந்து பார்க்கலாம். அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். குழந்தை நன்றாக இருப்பதாகச் சென்ற வாரம் மருத்துவர் கூறினார். அதிக நேரம் நிற்க முடியாததால் வரிசையில் முன்னால் விடுவார்கள். ஆகவே தாங்கள் முதலில் பார்க்கும் பச்சைத் திரை என்னுடையதாக இருக்கக்கூடும்.

தங்களிடமிருந்து நல்ல பதில் வரும் என்று நம்பி இதை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பண்டகசாலையின் வாடிக்கையாளர்,
செ. அனுசுயா

இடம்: மேனாம்பேடு
நாள்: 27.10.2025

இணைப்பு: வாடிக்கையாளர்கள் 63 பேரின் கையொப்பங்கள். அவற்றுக்கு மேலாக, கிளைப் பொறுப்பாளர் திரு. ராஜசேகரன் கையொப்பமும், அதன் அடியில் அவர் தம் கைப்பட எழுதிய வரியும்: “இந்த முறை எனக்குச் சம்மதம். தட்டை அரிசி அளக்க எடுத்துக்கொள்கிறேன்.”