சுண்ணாம்புத் தட்டுக்குக் கீழே

ஜூலை 9
போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அம்மா பார்த்தால் தொலைந்தேன்.

கொல்லையில் எலிவளை அளவுக்கு ஓர் ஓட்டை. நான்கு வாளி தண்ணீர் ஊற்றியும் நிரம்பவில்லை. கீழே ஓடையில் விளையாடிக்கொண்டிருந்த தங்கச்சி கத்தினாள். கரையிலிருந்து பால் மாதிரி தண்ணீர் வருகிறதாம்.

ஓட்டைக்கும் ஓடைக்கும் நடுவில்தான் எங்கள் வீடு.

ஜூலை 10
எங்கள் மலை, தலையைச் சீவி எறிந்ததுபோலத் தட்டை. அதன் அடியில் படி மாதிரி ஒரு மேடு, அதில் பதினொரு வீடுகள். இங்கே வீடு கட்டலாம் என்று மண்ணைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டதே அம்மாதான். மேலே சரளை, பிறகு செம்மண், அப்புறம் கடப்பாரையே எகிறும் அளவுக்குப் பாறை மாதிரி இறுகிய சுண்ணாம்புத் தட்டு.

ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டேன். தட்டுக்கும் கீழே இருந்து ஒரு மண்கட்டி வந்தது. அம்மா ஆய்வகத்தில் செய்வதுபோல அதைத் தம்ளர் தண்ணீரில் போட்டேன். நல்ல மண் என்றால் உதிர்ந்து அடியில் உட்காரும். இது தண்ணீருக்குள் புகை மாதிரி கரைந்தது. நான் கலக்கவே இல்லை. வெள்ளையாகச் சுருண்டு சுருண்டு...

ஜூலை 11
காலையிலும் தெளியவில்லை. தண்ணீர் பட்டாலே இந்த மண் கரைந்து ஓடிவிடும். மழை வந்தால்?

ஜூலை 13
தங்கச்சி சமையலறைத் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள். "அக்கா, கீழ யாரோ தண்ணி குடிக்கிறாங்க."

முதுகில் ஒன்று வைத்தேன். அப்புறம் நானும் காதை வைத்தேன். ஏன்தான் வைத்தேனோ.

ஜூலை 14
தம்ளரை அம்மாவிடம் காட்டினேன். எவ்வளவு ஆழத்தில் எடுத்தாய் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தம்ளரை மூன்று தடவை கழுவினாள்.

"தட்டு வந்ததும் தோண்டுறத நிறுத்திட்டேன்டி. அதுக்குக் கீழ பாறைதான்னு நெனச்சேன்." தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெளிய மூச்சு விடாதே."

வெளியே தெரிந்தால் அம்மாவுக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால்? பதினொரு வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜூலை 17
பள்ளி விட்டு வரும்போதே வானம் கறுத்துவிட்டது. அம்மா சமையலறைத் தரையில் காதை வைத்துக் கிடந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். கன்னத்தில் மண். செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் "தப்பு என்னோடது" என்றாள். அவர்கள் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

ஜூலை 18
வீடுகளைக் காலி செய்துவிட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோரும். மழை. அம்மாவோடு யாரும் பேசவில்லை.

ஜூலை 20
மழை விட்டது. மேட்டில் வீடுகள் அப்படியே நிற்கின்றன.

எதிர்வீட்டு லாரிக்கார மாமா பாயைச் சுருட்டினார். "வீடெல்லாம் குத்துக்கல்லாட்டம் நிக்குது. இந்தம்மா பேச்சக் கேட்டு மூணு நாள் கொசுக்கடி. சாவியக் குடுங்க, முதல்ல உங்க வீட்டையே தொறந்து காட்டுறேன்."

அம்மா தடுத்தும் கேட்கவில்லை. வேலிவரை நானும் பின்னாலேயே போனேன். அவர் கதவைத் திறந்தார். காலண்டர் ஆணியில் தொங்கியது. நாலு சுவரும் இருந்தன. தரை இல்லை.

உள்ளே யாரோ தூங்குவதுபோல மெதுவாகக் கதவைச் சாத்தினார். வந்த அடிச்சுவட்டிலேயே கால் வைத்துத் திரும்பி வந்தார்.

வராந்தாவில் அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மாமா தன் பாயை மறுபடி விரித்தார்.