ஆட்சேபித்த தூதர்

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, உங்கள் முழங்கால் வலி தேவலையா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். நான் நலம்.

நேற்று ஒரு வேடிக்கை. ஒப்பந்தப் பேச்சில் இந்நாட்டு அமைச்சர் நம் தொழிலாளர்கள்மேல் பழி போடும் ஒரு வரியை வாசித்ததும், வக்கீல் பழக்க தோஷத்தில் எழுந்து, "அப்ஜெக்‌ஷன், யுவர் ஆனர்!" என்றுவிட்டேன். அறையே சிரித்தது. அமைச்சரும் சிரித்துவிட்டு அந்த வரியை நீக்கச் சம்மதித்தார்.

"மேடம், நீங்க இன்னும் கோர்ட்லதான் இருக்கீங்க" என்றார் என் தூதரகச் செயலாளர். முன்பு நான் வார்டு கவுன்சிலராக இருந்து குழாயடிச் சண்டை தீர்த்தபோது, "தீர்ப்பு சொல்லாதம்மா, தண்ணி விடு" என்று நீங்கள் கிண்டலடித்தது நினைவுக்கு வந்தது.

என் கறுப்பு கோட்டை வெயிலில் போட்டு வையுங்கள். உங்கள் வக்கீல் ஆபீசில் என் நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்க வேண்டாம்.

கார் வந்துவிட்டது. இன்னும் மூன்று வருடம் தூதராக இருக்கச் சொல்கிறார்கள். முடியாது என்று எழுதப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மகள்