ஷுட் ஹேவ் பீன்

6-6-1978, செவ்வாய்

முதலில் ஒரு வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

இருபது வருஷமாக இந்தத் திருவண்ணாமலையில் என் பெயர் 'இங்கிலீஷ் இராமலிங்கம்'. தேரடிக்குப் பக்கத்து லாட்ஜில் மேனேஜர் வேலை. வெள்ளைக்காரர் யாராவது மூட்டையோடு படியேறினால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். 'எஸ் சார், ஹாட் வாட்டர் மார்னிங் ஒன்லி, மங்கி கமிங், விண்டோ க்ளோஸ்.' என் மொத்த ஆஸ்தி இவ்வளவுதான். ஊருக்கு இது போதுமானதாக இருந்தது. வாரப் பத்திரிகைகளில் பதினோரு துணுக்கு வந்திருக்கிறது. அதனால் படித்தவன் என்று வேறு பெயர்.

இதை இன்றைக்கு எழுதக் காரணம், ஜபல்பூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இங்கிலீஷில்.

போன மாதம் தருமன் என்பவர் மனைவியோடும் மகன் ராஜேந்திரனோடும் எங்கள் ரேணுகாவைப் பெண் பார்க்க வந்தார். பூர்வீகம் கீழ்பென்னாத்தூர், முப்பது வருஷமாக ஜபல்பூர் வாசம். வந்தவர்கள் மிரளட்டும் என்று பஜ்ஜித் தட்டை நீட்டும்போது 'டேக் டேக், ஹோம் மேட்' என்று நான்கு வார்த்தை எடுத்து விட்டேன். மனுஷன் மிரண்டுதான் போனார். அதன் பலன் இன்றைக்குத் தபாலில் வந்துவிட்டது.

நான் இங்கிலீஷ் படிக்கும் முறை தனி. பெயர்ச்சொல்லாக நாலைந்து பொறுக்கிக்கொள்வேன். நடுவில் உள்ளதை யூகத்துக்கு விட்டுவிடுவேன். முதல் வரி: 'வி ஷுட் ஹேவ் பீன் லக்கி டு கெட் யுவர் டாட்டர்.' லக்கி, கெட், டாட்டர். இதற்கு மேல் என்ன வேண்டும்? முடிந்தது என்று சத்தமாக அறிவித்துவிட்டேன்.

என் மனைவி பாஞ்சாலை கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இந்தக் கவர்ல..." என்றாள்.

"எல்லாம் நான் படிச்சிட்டேன். நீ போய் கேசரி கிண்டு" என்றேன். கவரை முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனாள்.

ரேணுகா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டம்ளர் விழும் சத்தம். அவள் கையிலிருந்து எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை. இதற்கு முன் இரண்டு பேர் வந்து பார்த்து வேண்டாம் என்று போய்விட்டார்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை உக்காருவேன்பா. அப்புறம் கூப்பிடாதீங்க' என்று சொல்லியிருந்தாள். இதுதான் அந்தக் கடைசித் தடவை.

7-6-78

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் சொன்னேன். இனி ஊரில் வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

9-6-78

பதில் எழுத வேண்டுமே. கடிதத்தை எடுத்துக்கொண்டு குர்ஷித் பேகம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஏழாவது வரை என் வகுப்புதான். நான் ஏழாவதிலேயே கொஞ்ச காலம் தங்கிவிட்டேன், அந்தம்மா போய் இங்கிலீஷ் டீச்சர் ஆகிவிட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது தெரிந்த ஒரே ஆள்.

கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி படித்தார்.

"இதுல ஒத்துக்கிட்டதா எங்க எழுதியிருக்கு?"

"லக்கின்னு இருக்குதே டீச்சர்."

"லக்கிக்கு முன்னாடி மூணு பேர் நிக்கிறாங்களே, அவங்கள பாத்தியா? ஷுட், ஹேவ், பீன். உங்க பொண்ணு கெடச்சிருந்தா நாங்க அதிர்ஷ்டசாலியா இருந்திருப்போம். இருந்திருப்போம்னா இன்னா அர்த்தம்? இல்லன்னு அர்த்தம். மரியாதையா வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"ஷுட்னா வேணும்தானே டீச்சர்?"

"தனியா இருந்தா வேணும். ஹேவ்கூட சேந்தா போச்சு."

என் மச்சினனும் அப்படித்தான். தனியாக இருந்தால் தங்கம்.

கடைசி வரி 'ரெஸ்ட் இன் பெர்சன்.' அதில் டீச்சரே தடுமாறிவிட்டார். "இது இன்னான்னு எனக்கே புரியல. கல்லறையில எழுதறாப்ல இருக்குது" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். பாஞ்சாலை மறுபடியும் கேசரி கிண்டியிருந்தாள். சாப்பிட்டேன்.

12-6-78

எப்படிச் சொல்றது? யார்கிட்ட மொதல்ல சொல்றது? பாஞ்சாலை புதுத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கிட்டு இருக்கா. ரேணுகா பாட்டு வேற பாடுது. நான் ஒரு மடையன்—

எந்தச் சட்டத்திலும் ஒரு சந்து இருக்கும். இங்கிலீஷ் இலக்கணத்தில் மட்டும் இல்லாமலா போகும்? தினம் சாயங்காலம் டீச்சரிடம் போய் முறையாகப் படித்து அந்தச் சந்தைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

13-6-78

கோயிலுக்கா என்று பாஞ்சாலை பூரித்துப்போய் ஒரு தேங்காயைக் கையில் கொடுத்தனுப்பினாள். டீச்சர் வீட்டில் கொடுத்தேன். வரும்போது லாட்ஜ் மேஜையிலிருந்த விபூதியை ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன்.

18-6-78

டீச்சர் இன்றைக்குச் சொன்னதை என் வழக்கில் எழுதி வைக்கிறேன். நவுன் என்பது ஆள். வெர்ப் என்பது அந்த ஆள் செய்த காரியம். அட்ஜெக்டிவ் என்பது வெள்ளையம்மாள். எந்த ஆள் வந்தாலும் முன்னால் நின்று ஒன்று சொல்லும். ப்ரிப்பொசிஷன் இன்னும் பிடிபடவில்லை. பஸ்ஸில் 'இன்'னா 'ஆன்'னா என்று கேட்டார். சேத்துப்பட்டு பஸ்ஸில் நான் எப்போதும் தொங்கிக்கொண்டுதான் போகிறேன், அதற்கு என்ன சொல் என்று கேட்டேன். பிரம்பைத் தேடினார்.

ஆனால் ஒன்று புரிந்தது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. பாஞ்சாலை, 'இன்னிக்கு உங்களுக்காக வடை சுட்டு' என்று ஆரம்பித்தால் 'வச்சிருக்கேன்' என்று முடிப்பாளா, 'தரமாட்டேன்' என்று முடிப்பாளா என மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கடைசி வரை ஒரு நம்பிக்கை. இங்கிலீஷ்காரன் இரண்டாவது வார்த்தையிலேயே தலையில் போட்டுவிடுகிறான். கருணை இல்லாத பாஷை.

தேங்காய் ஆறு ஆகிவிட்டது. டீச்சர் வீட்டில் தினம் குருமாவாம்.

2-7-78

டீச்சருக்கும் மேல் ஒரு அப்பீல் உண்டல்லவா? இங்கிலீஷ் யாருடைய சொத்தோ அவனையே கேட்டுவிடுவது.

நாலாம் நம்பர் அறையில் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். அந்த வரியைக் காட்டினேன். அவர் ஜெர்மனியாம். என் இங்கிலீஷ் மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அசல் இங்கிலாந்துக்காரர் ஒருவர் ஆசிரமத்துப் பக்கம் வீடெடுத்து இருப்பதாகக் கேள்விப்பட்டு வெயிலில் நடந்தே போனேன். காவி வேட்டி, மார்பு வரை தாடி. பௌர்ணமி வரை மௌன விரதமாம். கடிதத்தைக் கொடுத்து 'யெஸ் ஆர் நோ' என்று மட்டும் கேட்டேன். இரண்டு முறை படித்தார். சிரித்தார். தலையாட்டினார்.

அதில்தான் வந்தது வினை. மனுஷர் ஆறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார். நம் தலையாட்டல் பழகிவிட்டது. இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல், காய்கறிக்காரியிடம் நாம் ஆட்டுவோமே, அந்த ஆட்டு. ஆமாவா இல்லையா என்று அண்ணாமலையாருக்குத்தான் வெளிச்சம்.

9-7-78

லாட்ஜில் வீணான ரசீதுகளை வீட்டுக்குக் கொண்டுவருவேன். இன்றைக்கு ஒரு கட்டைப் புரட்டினால் பின்பக்கம் முழுக்க இந்தி எழுத்து. ரேணுகாவின் கை. துணி காயப் போடும் கொடி மாதிரி மேலே ஒரு கோடு, அதில் எழுத்துகள் தொங்குகின்றன. ஜபல்பூர், ஜபல்பூர் என்று இருபது முறை எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தப் பாஷையும் தெரியாது.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"அங்க கடைக்குப் போனா கேக்கணும் இல்லப்பா" என்றாள், முகத்தைக் காட்டாமல்.

இன்றைக்கு டியூஷனுக்குப் போகவில்லை. நிஜமாகவே கோயிலுக்குப் போனேன்.

14-7-78

டீச்சர் கண்டித்துச் சொல்லிவிட்டார். "அஞ்சு வாரம் ஆச்சு. அவங்க நாகரிகமா எழுதினாங்க. நீயும் நாகரிகமா பதில் போடு. அப்புறம் வீட்ல சொல்லு." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். புரிந்துகொண்டோம், எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது என்று அர்த்தம். மனத்தாங்கல் இல்லை என்பதற்கு 'நோ இல் வில்' என்று சொல்ல வேண்டுமாம். முதல் தடவையாக இலக்கணப் பிழை இல்லாத இங்கிலீஷ் என் கையெழுத்தில் போகிறது. தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டுத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

17-7-78

ஆடி பிறந்தது. இந்த மாதம் யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள். ஒரு மாதம் தண்டனை ஒத்திவைப்பு.

3-8-78

மொட்டை மாடியில் பாஞ்சாலை அப்பளம் காயப் போட்டிருக்கிறாள். மாடி முழுக்க. காக்கா ஓட்டுகிற சாக்கில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

"இவ்ளோ ஜாஸ்தி எதுக்கு?"

"இது கம்மிங்க. ஆவணி பொறக்கட்டும், பாருங்க."

"ஒருவேள... அவங்க வரலன்னா?"

"வராம எங்க போவாங்க" என்றாள். அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். அந்த நிம்மதியைப் பார்த்ததும் என் வாய் மூடிக்கொண்டது. பாவம், ஒன்றும் தெரியாத ஜன்மம் என்று நினைத்தேன்.

இருவது வருஷம் பொய் இங்கிலீஷ்ல வண்டி ஓட்டினேன். நான் விழறதப் பத்தி ஒண்ணுமில்ல. பொண்ணு தலையில இல்ல வந்து விழுது.

17-8-78

ஆவணி முதல் தேதி. தந்தி. 'அரைவிங் சண்டே தருமன்.'

டீச்சரிடம் ஓடினேன். "வரேன்னு இருக்குது, யாருன்னு எழுவாயக் காணோம். இது தமிழ்த் தந்தி" என்றார். எதற்கு வருகிறார்கள் என்று கேட்டேன். "அதுக்கு கிராமர் கிடையாது" என்றார்.

நேரில் வந்து வேண்டாம் என்று சொல்லப் போகிறார்களா? ரெஸ்ட் இன் பெர்சன்—?

20-8-78, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

பத்து மணிக்கு வாசலில் ஜட்கா வந்து நின்றது. தருமன், அவர் மனைவி, பையன். தருமன் கையில் ஒரு பை சாத்துக்குடி. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, உடம்பு இப்ப எப்படி இருக்குது?"

"யாருக்கு?"

"மறைக்காதீங்க. இல்னு எழுதியிருந்தீங்களே. இல்னா சீக்குதானே? பக்கத்துலயே வில்னு வேற போட்டிருந்தீங்க. உயில் எழுதற அளவுக்குப் போயிடுச்சான்னு இவ ஒரே அழுகை."

"நோன்னு முன்னாடி போட்டிருந்தேனே."

"அத வச்சித்தான் கொஞ்சம் தைரியமா இருந்தோம். ஆடி முடிஞ்சதும் கெளம்பிட்டோம்."

பாஞ்சாலை என்னைப் பார்த்தாள். கொஞ்சம் மயக்கம், இப்போது தேவலை என்று முனகினேன். அதுவும் பொய் இல்லை, மயக்கமாகத்தான் இருந்தது. காரணம், அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது. ஒரு சாத்துக்குடியைக் கையில் உருட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்.

"முதல் கடிதத்துல, முதல் வரி... நீங்க இன்னா நெனச்சி எழுதினீங்க?"

தருமனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தப்பு இருந்துதுங்களா? நான் தமிழ்லதான் எழுதலாம்னு இருந்தேன். நீங்க இங்கிலீஷ் தெரிஞ்சவரு, கம்மியா நெனச்சிடப் போறீங்கன்னு ரெண்டு நாள் டிக்ஷ்னரி வச்சிக்கிட்டு எழுதினேன். வேற ஒண்ணுமில்லைங்க. உங்க பொண்ணு கெடைக்க நாங்க கொடுத்து வச்சிருக்கணும்னு எழுதினேன்."

கொடுத்து வச்சிருக்கணும். 'ணும்' ஷுட். 'வச்சிருக்க' ஹேவ் பீன். கொடுத்து வைத்தது லக்கி. ஒரு எழுத்து விடாமல் அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார் மகாராஜன்.

"ரெஸ்ட் இன் பெர்சன்?"

"மற்றவை நேரில்" என்றார் தருமன். "தப்புங்களா?"

"ரொம்ப சரி" என்றேன். குரல் உடைந்துவிட்டது. உடம்பு இன்னும் முழுக்கத் தேறவில்லை என்று அவர் மனைவி விசிறியை எடுத்தார்.

ரேணுகா காப்பியோடு வந்து, "பைட்டியே" என்றாள். இந்தியில் உட்காருங்கள் என்று அர்த்தமாம். தருமன் நின்றபடியே சிரித்தார். பையன் மட்டும் சட்டென்று உட்கார்ந்துவிட்டான். இப்போதே பேச்சைக் கேட்கிறான், பிழைத்துக்கொள்வான். பகல் ஒரு மணிக்குள் தட்டு மாற்றிக்கொண்டோம். முழு மாடி அப்பளத்தில் பாதி தீர்ந்தது.

சாயங்காலம் லட்டு எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். "நான் சொன்ன கிராமர்ல தப்பில்ல இராமலிங்கம்" என்றார். "எழுதினவருக்குத் தெரியாததுக்கு நான் பொறுப்பில்ல." அப்புறம், "நாளையிலேர்ந்து தேங்காய் வராதா?" என்றார்.

தப்பாக எழுதியதை நான் தப்பாகப் படித்தவரை சரியாக இருந்தது. சரியாகப் படித்த அன்றைக்குப் பிடித்தது சனி. இதைத் துணுக்காக எழுதி அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.

21-8-78

பழைய கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம் என்று கவரைக் கேட்டேன். பாஞ்சாலை முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இன்னொரு காகிதம் மடித்து இருந்தது.

"இது இன்னா?"

"சம்பந்தியம்மா எனக்கு எழுதினது. அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க கேசரி கிண்டச் சொன்னீங்க. ரெண்டுலயும் ஒண்ணுதானே எழுதியிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

தமிழில் மூன்று வரி. பெண் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஆவணி பிறந்ததும் வந்து தட்டு மாற்றிக்கொள்கிறோம். அவர் இங்கிலீஷில் ஏதோ எழுதுகிறார், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.