காதுக் கிளிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்

ஏங்க,

நீங்கள் அசந்து தூங்குவதால் எழுப்பவில்லை. படகேறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹான்கோவுக்குப் போய் உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன். தாமரைக்கிழங்கும் விலா எலும்பும் போட்ட சூப் அடுப்பில் இருக்கிறது. உப்பு குறைவுதான், என்னைத் திட்டிக்கொண்டாவது குடியுங்கள். மதியம் உங்கள் தங்கை சுய்பிங் வருவாள். சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்திருக்கிறேன், அவளே திறந்துகொள்வாள். நீங்கள் எழுந்து நடக்க வேண்டாம்.

நேற்று கிளிப்பைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்ததில் எனக்குக் கோபமில்லை. "காது வழியா கரண்ட் விட்டா இதயம் சரியாயிடுமா? நான் என்ன பழைய ரேடியோவா, தட்டித் தட்டிப் பாக்க?" என்றீர்கள். எனக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு, "உன் மனசு ஆறட்டும்னுதான் இத்தன மாசம் மாட்டிக்கிட்டேன், யுஜென்" என்றீர்களே, அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

டாக்டர் நேற்றே போனில் சொல்லிவிட்டார். கிளிப்பு மாட்டிக் காது நரம்பை இவ்வளவு நாள் தூண்டியும் உங்கள் இதயத்துக்குப் பலம் கூடவில்லையாம். சிலருக்குப் பலன் தருகிறதாம், உங்களுக்குத் தரவில்லை. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கருவியைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

யுஜென்

செருப்பு மாட்டும்போது தோன்றியது, அதனால் திரும்பி வந்து எழுதுகிறேன். தினமும் கிளிப்பு மாட்டிய அந்த ஒரு மணி நேரம்தான் டிவியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். இன்று சாயங்காலமும் வந்து உட்காருங்கள். காதில் ஒன்றும் மாட்ட மாட்டேன்.